ஒரு நாள் தள்ளிப்போன நவமி

அதை இப்போது அமுக்காதீங்க சார்.

ஆமாம், உங்க மடியில் இருக்கிற லேப்டாப்பைத்தான் சொல்கிறேன். எட்டிப் பார்த்ததுக்கு மன்னிக்கணும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காதவனுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கு? ‘இப்போதே புதுப்பிக்கவா, அப்புறமா’ என்று கேட்கிறது இல்லையா, அப்புறம் என்று சொல்லிவிடுங்க. சார்ஜ் எவ்வளவு இருக்கு? இருபத்திரண்டா? சரியாப்போச்சு. ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் அது பாதியில் நின்றால், அப்புறம் அந்தக் கம்பெனி அடையாளமும் கீழே சுத்துகிற புள்ளிகளும்தான். புள்ளி சுத்தும், சுத்தும், நின்று போகும், மறுபடி முதலிலிருந்து சுத்தும். நான் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவன்.

சிவகாசிதான். காலண்டர் அடிக்கிற பிரஸ். பேர் வேண்டாம், சொன்னால் உங்க வீட்டுச் சுவரிலேயே தொங்கினாலும் தொங்கும். தினசரி கிழிக்கிற காலண்டர். திதி, நட்சத்திரம், நல்ல நேரம் எல்லாம் போட்டு முந்நூற்று அறுபத்தைந்து தாள். அச்சுப் பிளேட்டுக்குப் போகிறதுக்கு முன்னால் அதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டிருப்பவன் நான். பால்துரை என்று பேர். பத்தொன்பது வருஷமாக ராத்திரி ஷிப்ட். பேப்பர் அடுக்கத்தான் போய்ச் சேர்ந்தேன், பத்தாவது ஃபெயில். டிசைன் பண்ணுகிறவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு நானாக உட்கார்ந்து நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டது. ஒருத்தன் சொல்லிக் கொடுத்தது கிடையாது. ஒரு தடவை பார்த்தால் எனக்கு மறக்காது சார், அது ஒன்றுதான் எனக்குக் கடவுள் கொடுத்தது. வீட்டுக்காரி கேட்பாள், ‘பகல்ல தூங்குற மனுசனை நான் எப்பப் பாக்குறது?’ என்று. அதை விடுங்க.

போன ஆயுத பூஜை.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் அது வேறு மாதிரி. ரெண்டு நாளைக்கு முன்னாலேயே பிரஸ்ஸைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். பழைய தாள் ஒன்று மிஞ்சாது. அழித்த புரூப், கழித்த புரூப் எல்லாவற்றையும் கிழித்து, பொரிகடலைப் பொட்டலம் மடித்துவிடுவார்கள். பூஜை போடுகிற நேரத்தில் ஒரு மிஷினும் ஓடக்கூடாது. ஃபேன்கூட ஓடாது. மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து ஒவ்வொன்றாக எழுப்புவார்கள். மிஷின் என்றால் கம்ப்யூட்டரும் மிஷின்தானே. அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை.

அன்றைக்குப் பகலில் போயிருந்தேன். நாலு மணி இருக்கும், அணைத்துவிடலாம் என்று பார்த்தால், இதே கேள்வி. உங்க மடியில் கேட்கிறதே, இதே கேள்வி. ஆறு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, நானும் ஆறு மாசமாக ‘அப்புறம்’ என்று தள்ளிக்கொண்டிருந்தேன். நல்ல நாளும் அதுவுமாகப் புதுசாக ஆகட்டுமே என்று அமுக்கிவிட்டேன். பத்து நிமிஷ வேலைதான் சார். பத்து நிமிஷத்துக்கு மேல் அது எடுத்துக்கொண்டது என்றால் அதற்கு நான் என்ன பண்ணுவேன்?

ஐந்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. ஐந்து இருபதுக்கு அறுபத்து மூன்று சதவீதம். ‘அணைக்க வேண்டாம்’ என்று எழுதியே இருந்தது. நான் சொன்னேன். சொல்லாமல் இல்லை.

“இது ஓடிக்கிட்டு இருக்கு, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.”

ராஜமாணிக்கம், எங்கள் முதலாளிக்கு மச்சினன், மேனேஜர், கையில் சூடத்தட்டோடு நிற்கிறான். “ஊருக்கே நல்ல நேரம் அடிச்சுக் குடுக்கிறோம். நம்ம பிரஸ்லயே தவற விடலாமா? ஏ பால்துரை, உம்ம பொட்டி எந்திரிச்சு மணி அடிக்கப் போகுதா? அமத்தும்யா!”

எல்லாரும் சிரித்தார்கள். குணசீலன் அண்ணாச்சி, எங்கள் முதலாளி, சிரிக்கவில்லை. வாட்சைப் பார்த்தார். அவர் வீட்டம்மா என்னைப் பார்த்தார்கள். முப்பது பேர் சார். முப்பது பேரும் என்னையே பார்க்கிறார்கள். சுவிட்ச் போயிருச்சு.

யார் கை என்று கேட்கிறீர்களா? நான்தான் பக்கத்தில் நின்றேன். என் கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் கையைப் பிடித்து அமுக்கினது அந்த முப்பது பேர்.

மறுநாள் விஜயதசமி. எட்டு அச்சு மிஷினும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது, கைதட்டினார்கள். இது எழவில்லை. அடையாளம் வந்தது, புள்ளி சுத்தியது, கறுப்பாகப் போனது. மறுபடி அடையாளம். பூஜை போட்ட மிஷின் எழுந்திரிக்கவில்லை என்றால் எங்கள் ஊரில் அது சின்ன விஷயமா?

அப்புறம் நான் பார்த்த வேலையைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மூன்று தடவை ஆன் பண்ணி ஆன் பண்ணி அணைத்தால் தானாகவே பழுது பார்க்கிற திரை வரும். வந்தது. ‘சரிசெய்ய முடியவில்லை’ என்றது. புதுசாக ஏறினதை மட்டும் கழற்றிப்பார் என்றேன், முடியவில்லை என்றது. மெமரியைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். உள்ளே வாட்ச் பேட்டரி மாதிரி ஒன்று இருக்கும், அதைக் கழற்றிப் பத்து நிமிஷம் வைத்து மாட்டினேன். பென் டிரைவிலிருந்து எழுப்பிப் பார்த்தேன். கடைசியில் டிஸ்கையே கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். அங்கே போனால் பூட்டியிருக்கிறது சார். நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஒரு எண்ணைக் கொடு, திறக்கிறேன் என்கிறது. அப்படி ஒரு பூட்டு இருக்கிறதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மிஷினை விற்ற கடையில் சேவியர் என்று ஒரு ஆள், அவன் தன்னுடைய மெயிலைப் போட்டு எழுப்பிக் கொடுத்திருக்கிறான். எண் அவன் மெயிலில் கிடக்கும். அவன் இப்போது கத்தாரில். மெசேஜ் போட்டேன். பார்க்கவில்லை.

பேக்கப் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிற கேள்விதானே. எடுத்தேன். ஆடி மாசம் வரைக்கும் இருந்தது. அதற்குமேல் பேக்கப் எடுக்கிற டிஸ்கில் இடம் இல்லை. கொஞ்சம் பழைய படங்கள் வைத்திருந்தேன். கொஞ்சம் என்றால், ஒரு நானூறு இருக்கும். ராத்திரி டூட்டிக்காரனுக்கு ஒரு பேச்சுத் துணை வேண்டாமா?

ஆடிக்கு அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரில் ஏறினது என்ன என்றால், கோமதியக்கா போட்ட திருத்தம்.

கோமதியக்கா எங்கள் புரூப் ரீடர். ஐம்பத்தெட்டு வயசு. தினம் சங்கரன்கோவிலிலிருந்து இதே பஸ்ஸில் வந்து போவார்கள். இருபத்தாறு வருஷம். ஒரு பக்கம் பஞ்சாங்கம், ஒரு பக்கம் புரூப், கையில் சிவப்புப் பேனா. டைப் அடிக்கிறவன் ஒரு தாளில் ரெண்டு தப்பு விட்டால் ரெண்டையும் பிடிப்பார்கள். அவர்கள் வட்டம் போட்டுக் கொடுக்கக் கொடுக்க நான் ராத்திரி உட்கார்ந்து திருத்துவேன். மாசம் முடிந்ததும் ஒரு நீள நோட்டு இருக்கும், அதில் ‘ஜனவரி, சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அது ஒன்றுதான் கணக்கு. அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் அண்ணாச்சி மறுபேச்சுப் பேசமாட்டார். வட்டம் போட்ட தாள்கள் என்ன ஆச்சா? அதான் சொன்னேனே, பொரிகடலை.

அக்கா அன்றைக்கு ஊரில் இல்லை. கண்ணில் புரை. ரெண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டது, பன்னிரண்டு மாசத்துக்கும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆபரேஷனுக்குப் போவேன் என்று இருந்து, போட்டுவிட்டு மதுரைக்குப் போய்ப் படுத்திருந்தார்கள்.

அண்ணாச்சி மத்தியானம் வந்தார். அவர் நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். “மதுரையில ஒரு ஆள் இந்த மாதிரி டிஸ்கையெல்லாம் தொறந்து குடுக்கானாம். ரெண்டு நாள் ஆகுமாம். போயிட்டு வாங்க பால்துரை. ஆர்டர் குடுத்த பார்ட்டிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றார். அந்தச் சேவியரைப் பிடித்தால்கூடப் போதுமே என்றும் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது சார். பத்தொன்பது வருஷம். அந்தப் பொட்டிக்கு ஒரு தும்மல் வந்தாலும் நான்தான். இன்றைக்கு மதுரைக்காரனிடம் கொண்டு போ என்கிறார். பின்னால் ராஜமாணிக்கம் சொல்கிறான், “படிச்சவன் ஒருத்தன் பாத்தாத்தான் மாமா சரியா வரும்.” மெதுவாகத்தான் சொன்னான். எனக்குக் காது நல்லா கேட்கும். அதோடு, அந்த மதுரைக்காரனிடம் போனால் பேக்கப் டிஸ்கையும் காட்டு என்பான். அதில் என் நானூறு படமும் இருக்கு. அது வேறு விஷயம், அதற்காக இல்லை.

“ரெண்டு நாள் எதுக்கு அண்ணாச்சி? சாயங்காலத்துக்குள்ள எழுப்பிருதேன்” என்றேன்.

எழுப்பினேன். மூன்றரை மணிக்கு, ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா?’ என்று கேட்டது. ‘நிச்சயமாகவா?’ என்று இன்னொரு தடவையும் கேட்டது. மிஷினுக்கு இருக்கிற நிதானம் மனுஷனுக்கு இல்லை. நிச்சயமாக என்றேன். ஆடி மாசத்துப் பேக்கப்பை எடுத்து உள்ளே போட்டேன். ஆறு மணிக்குத் திரை எழுந்தது. சாமி மாதிரி எழுந்தது சார்.

ஆறே முக்காலுக்குச் சேவியர் மெசேஜ் வந்தது. ‘ஸாரி அண்ணே, டூட்டியில் இருந்தேன்’ என்று, கீழே அந்த எண். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தெட்டும் இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் அங்கே இல்லை, அதனால் நினைக்கிறீர்கள். அண்ணாச்சி அதற்குள் வந்துவிட்டார். “எலே, எல்லாரும் இங்க வாங்க! பால்துரை சாரு எழுப்பிட்டாருல்லா!” சார் என்றார். அண்ணாச்சி வாயால் என்னைச் சார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பைண்டிங் பொம்பளைகள்கூட எழுந்து வந்தார்கள். மிஷினுக்கு வாங்கினதில் ஒரு மாலை மிச்சம் இருந்தது, ராஜமாணிக்கமே அதை எடுத்து என் கழுத்தில் போட்டான். “பத்தாவது ஃபெயிலுன்னு எவன்லே சொன்னது? வாத்தியாரு பேப்பரைத் தப்பாத் திருத்திட்டான்!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சிரித்தேன். அண்ணாச்சி கேட்டார், “அம்புட்டும் அப்படியே இருக்கா?” என்று.

கழுத்தில் மாலையோடு நிற்கிறவன் என்ன சொல்ல முடியும்? “இருக்கு அண்ணாச்சி” என்றேன்.

சொன்னதைப் பொய்யாக்கிவிடக் கூடாது என்றுதானே அன்று ராத்திரியும் மறுநாளும் கண் மூடாமல் உட்கார்ந்தேன்? அக்கா போட்ட வட்டம் ஒவ்வொன்றையும் ஞாபகத்திலிருந்து எடுத்து அடித்தேன். இருநூறுக்கு மேல். இந்தத் தாளில் நட்சத்திரம், இந்தத் தாளில் யோகம், இந்தத் தாளில் கரிநாள் என்று. எந்தப் படித்தவனால் முடியும்? சொல்லுங்க. யாருக்கும் தெரியாது, யாரும் மாலை போடவில்லை, நிஜமான வேலை அதுதான். மறுநாள் சாயங்காலம் பிளேட்டுக்குப் போய்விட்டது.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இன்னும் எத்தனை என்று தெரியாது, இதுவரைக்கும் ஒன்று. தை மாசம் தேய்பிறை நவமி. புதன்கிழமைத் தாளில் வரவேண்டியது, வியாழக்கிழமைத் தாளில் வந்துவிட்டது. ஒரு நாள். ஒரே ஒரு நாள் தள்ளி.

போன மாசக் கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து ஒருத்தர் வந்தார். சட்டைப் பையில் அந்தத் தாளை நாலாக மடித்து வைத்திருந்தார். அவர் அப்பா இறந்த திதி அது. முதல் வருஷத் திதி. அம்மாவுக்கு எண்பது வயசு, அவர்களையும் கூட்டிக்கொண்டு, எங்கள் காலண்டரைப் பார்த்து நாள் வைத்து, ராமேஸ்வரம் போயிருக்கிறார். அங்கே புரோகிதர், ‘நவமி நேத்தே போயிடுத்தே’ என்றிருக்கிறார்.

அந்த மனுஷர் சத்தம் போடவில்லை சார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. தாளை மேஜையில் பிரித்து வைத்து நீவிவிட்டார். “எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதாங்க கேக்குறாங்க. அப்பா நேத்து வந்து நின்னுட்டுப் போயிருப்பாரேங்கிறாங்க. அதுக்கு நான் என்ன சொல்ல?”

அண்ணாச்சி நீள நோட்டை எடுக்கச் சொன்னார். ஜனவரி. சரி. கோமதி. கீழே தேதி. அண்ணாச்சி நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். கேட்காததற்கு எப்படிப் பதில் சொல்வது? ராஜமாணிக்கம்தான் சொன்னான், “புரை விழுந்த கண்ணுக்குப் புரூப்பைக் குடுத்தது நம்ம தப்பு மாமா.” அண்ணாச்சி அக்காவுக்கு அவரே போன் போட்டார். அருப்புக்கோட்டைக்காரர் வந்ததைச் சொல்லி, அடுத்த காலண்டருக்கு வர வேண்டாம், வீட்டில் ஓய்வாக இருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

அதிலிருந்து எனக்குப் பகல் தூக்கம் இல்லை. வயசு ஆகுது, வேறு என்ன? ராத்திரி முழித்துப் பழகின உடம்பு, பகலிலும் முழிக்க ஆரம்பித்துவிட்டது.

இன்றைக்கு அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். உடம்பு விசாரிக்கத்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் நான் பார்க்கவே இல்லையே. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். மருமகள் காபி கொடுத்தாள். அக்கா மெலிந்திருந்தார்கள். கண் நல்லாத் தெரிகிறதாம். சுவரில் எங்கள் காலண்டர் தொங்கியது. போன மாசத்துத் தாள் ஒன்றைக் கிழித்துப் போட்டுவிடாமல் பெட்டியில் எடுத்து வைத்திருந்தார்கள், அதைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்கள்.

“பால்துரை, இந்தா பாரு. இப்ப கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரியுது. நவமி வியாழக்கிழமைன்னு பட்டவர்த்தனமா நிக்கி. இது எப்படி என் கண்ணுக்குத் தப்புச்சு?”

நான் காபியைக் குடித்தேன்.

“எனக்கு என்னமோ இதுக்கு வட்டம் போட்ட மாதிரியே இருக்குப்பா. புதனுக்கு அம்புக்குறி போட்டு, பக்கத்துல ‘கவனம்’னு எழுதுன மாதிரி. எழுதுனனா, எழுதலையா? ராத்திரி படுத்தா இதே ஓட்டமா இருக்கு. எம் மகன் சொல்லுதான், ஒனக்குக் கண்ணோட சேத்து மனசும் மங்கிப்போச்சும்மாங்கான். திருத்தம் அடிச்சது நீதான? ஒனக்குத்தான் ஒரு தடவை பாத்தா மறக்காதே. ஞாபகம் இருக்கா?”

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? இருந்தது. அக்கா கேட்டதும் ஞாபகம் வந்தது. அம்புக்குறி, ‘கவனம்’, அதற்குக் கீழே ரெண்டு கோடு. ஆனால் அன்று ராத்திரி வரவில்லையே. வர வேண்டிய நேரத்தில் வராத ஞாபகத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ண?

“ஆயிரம் திருத்தம் அடிக்கிறோம், எதுன்னுக்கா ஞாபகம் வச்சிக்கிட?” என்றேன்.

அவர்கள் தலையை ஆட்டினார்கள். “அப்ப நான்தான் விட்டிருக்கேன்” என்றார்கள். அழவில்லை. “சும்மா கெடந்த மனசு அதுவா ஒரு வட்டத்தைப் போட்டுக்கிட்டு ஆடுது. நான்தான் விட்டுட்டேன். கண்ணு மங்குதுன்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டது என் திமிருதான்.”

“விடுங்கக்கா. வயசானா எல்லாருக்கும் வாரதுதான். இருபத்தாறு வருஷத்துல ஒண்ணு. யாரு குத்தம் சொல்லப் போறா?” என்றேன். ஆறுதல் சொல்லணும் இல்லையா? வீட்டில் இருக்கிறவர்களே சொல்லவில்லை என்றால் நாமாவது சொல்லணும். சொன்னதும் அவர்கள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நிஜமாகவே தெளிந்தது சார். அதைப் பார்த்த பிறகு வேறு எதையும் கிளப்ப எனக்கு மனசு வரவில்லை.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார்கள். “அந்த அருப்புக்கோட்டைக்காரரு விலாசம் பிரஸ்ல இருக்கும்லா? நாளைக்கு மருமகளைக் கூட்டிக்கிட்டு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருதேன். அந்த அம்மா கையைப் புடிச்சு, என் கண்ணு பண்ணுன தப்பு தாயின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குப் போதும். எண்பது வயசுல அந்த மனுசி தவிக்குதுல்லா.”

விலாசம் எனக்குத் தெரியும். அவர் அன்றைக்கு எழுதிக் கொடுத்ததை ஒரு தடவை பார்த்ததுதான். அவர்கள் நீட்டின தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். பேர், தெரு, கதவு எண், எதிரில் ஒரு ரைஸ் மில், எல்லாம். கோவில்பட்டி போய் மாறுங்கள், காலை ஏழு மணி பஸ் என்றால் உட்கார இடம் கிடைக்கும் என்றும் சொன்னேன். வெயிலுக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் இல்லையா, கண் ஆபரேஷன் ஆனவர்கள். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கக்கூடாது, பழைய பஸ் ஸ்டாண்டு. அதை மட்டும் ரெண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.